சின்ட் யுட்டமிஸ் நாள்

நிலத்துக்கு அடியில் தீயை அடக்கச் செங்கல் சுவர் எழுப்பி முடித்த வாரம், பெண்கள் மறுபடியும் நிலக்கரிச் சுரங்கத்தின் இரும்பு வாசலில் கூடினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பதினொரு பேர் இருந்தார்கள். உயிர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அங்கேதான் இருந்தார்கள். டிம்ப்னாவின் புருஷன் ரிக் அதில் ஒருவன். பக்கத்து வீட்டு அசுந்தாவின் புருஷன் தொனாத்தோ இன்னொருவன்.

என்ஜினியர் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று பிரெஞ்சில் பேசினார். லியேஜ் பக்கத்து ஆள். இந்த மண்ணுக்கு வந்து பல வருஷம் ஆகியும் 'வணக்கம்' என்பதைக்கூட எங்கள் பேச்சில் சொல்லிப் பழகாதவர். கீழே நின்ற மேஸ்திரி செர்வாஸ் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பிச் சொன்னான்.

"உள்ள இன்னும் தணல் கெடக்கு. சுவர எடுத்தா காத்து போயி மறுபடி பத்திக்கும். எப்ப முடியுமோ அப்பத் தொறப்போம்னு சொல்றாரு."

"எப்ப முடியும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

செர்வாஸ் என்ஜினியரைப் பார்த்தான். என்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முடியுறப்ப" என்றான் செர்வாஸ்.

அசுந்தாவுக்குப் பாதிதான் புரிந்தது. டிம்ப்னாவின் கைச்சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, என்னைக்கின்னு சொன்னாரு? தொறக்குறது என்னைக்கி?"

டிம்ப்னாவின் வாய் பல நாளாகக் கசந்து கிடந்தது. காப்பி கசந்தது, ரொட்டி கசந்தது, எச்சில் கசந்தது. வாயில் முதலில் வந்ததைத் துப்பினாள்.

"சின்ட் யுட்டமிஸ் அன்னிக்கு."

பின்னால் நின்றவளிடமிருந்து மூக்கு வழியாக ஒரு சிரிப்பு தப்பி வந்தது. அவள் புருஷனும் சுவருக்கு அந்தப் பக்கம்தான். சிரித்துவிட்டு இடுப்பில் கட்டிய முன்துணியால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். மழை ஒழுகும் கூரையைக் கம்பெனி எப்போது சரி பண்ணும்? சின்ட் யுட்டமிஸ் அன்று. குடிகாரத் தம்பி எப்போது திருந்துவான்? சின்ட் யுட்டமிஸ் அன்று. அப்படி ஒரு புனிதர் மோட்சத்தில் இல்லை. அப்படி ஒரு நாள் வருஷத்தில் இல்லை. வரவே வராது என்பதற்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயருக்குப் புனிதர் பட்டமும் கட்டிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அசுந்தா இத்தாலியின் அப்ருட்சோ மலைப்பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. இந்த நாட்டின் நாட்களை அவள் புனிதர்களின் பெயரால்தான் படித்திருந்தாள். சின்ட் யானுக்குப் புல் அறுப்பார்கள். சின்ட் மார்ட்டனுக்குப் பன்றி அறுப்பார்கள். சின்ட் பார்பராவுக்குச் சுரங்கக்காரன் குடித்துவிட்டுத் தெருவில் விழுவான். பாமிஸுக்கு உருளைக்கிழங்கு உள்ளே வந்தாக வேண்டும். லிக்த்மிஸுக்கு வேலைக்காரர்கள் வீடு மாறுவார்கள். கெர்ஸ்ட்மிஸ் என்றால் கிறிஸ்துமஸ். முன்னால் சின்ட், பின்னால் மிஸ், நடுவில் ஒரு பெயர். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"சரி" என்றாள். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "சின்ட் யுட்டமிஸ்."

முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்ததை டிம்ப்னா பார்த்தாள். அப்படி இல்லடி, அது ஒரு பேச்சு என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் செர்வாஸ் கலைந்து போகச் சொல்லிச் சத்தம் போட்டான். கூட்டம் நகர்ந்தது.

*

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் கனம். ரிக் இருமினால் அசுந்தாவுக்குக் கேட்கும். தொனாத்தோ பாட ஆரம்பித்தால் ரிக் சுவரைக் குத்துவான். இப்போது இரண்டு பக்கமும் சத்தம் இல்லை. அசுந்தா காலையில் வேலை முடிந்ததும் டிம்ப்னாவின் சமையலறைக்கு வந்துவிடுவாள். மேசை மேல் மாவைக் கொட்டி, நடுவில் முட்டையை உடைத்துப் பிசைவாள். டிம்ப்னா சிக்கரிக் காப்பி ஊற்றி வைப்பாள். சாப்பிட ஆள் இல்லாத இரண்டு வீட்டுக்கு எதற்கு அவ்வளவு மாவு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன்" என்றாள் ஒரு நாள். "சின்ட் யுட்டமிஸ் ஆம்பளையா, பொம்பளையா?"

டிம்ப்னா அடுப்பில் கரியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊர்ல பேர கேட்டாலே தெரிஞ்சுடும். ஆம்பளன்னா சான். பொம்பளன்னா சாந்தா. சான் தொனாத்தோ, சாந்தா பார்பரா. இங்க எல்லாருக்கும் சின்ட். மீசை வச்சவனுக்கும் சின்ட், பாவாடை கட்டினவளுக்கும் சின்ட். எப்படித்தான் வேண்டுதல் வைக்கிறீங்க? மாத்திக் கூப்பிட்டா கோவம் வராதா?"

இதுதான் சமயம், சொல்லிவிடு என்று டிம்ப்னாவுக்கு உள்ளே ஒன்று சொன்னது. திரும்பிப் பார்த்தாள். அசுந்தாவின் மூக்கு நுனியில் மாவு ஒட்டியிருந்தது. தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அவள் ஒரு கேள்வியைக் கிண்டலோடு கேட்டது அன்றைக்குத்தான்.

"பொம்பள" என்றாள் டிம்ப்னா.

"நெனச்சேன். யாருக்குப் புனிதர்?"

"காத்துக் கெடக்குறவங்களுக்கு."

அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அசுந்தா தலையாட்டிவிட்டு மாவை மடித்தாள். "நல்ல ஆளாத்தான் இருப்பா."

அன்றைக்கு அவள் போன பிறகு டிம்ப்னா மேசையில் சிந்திக் கிடந்த மாவைத் துடைத்தாள். ரிக் இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பான். அவனுக்கு இந்தப் பெயர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மன்காரன் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். "அங்க சாங்க்ட் பார்பரா, இங்க சின்ட் பார்பரா, என்ஜினியருக்கு சேன்த் பார்ப், தொனாத்தோவுக்கு சாந்தா" என்பான். "மேல இருந்து பாறை கழண்டு வர்றப்போ நாலு பேரு வாயிலயும் வர்றது ஒரே கெட்ட வார்த்தைதான்." ஜெர்மன்காரனிடமும் இல்லாத புனிதர் ஒருவர் உண்டாம். சாங்க்ட் நிம்மர்லைன். "பொய் சொல்றதுக்குன்னு எல்லா ஊர்லயும் ஒரு புனிதர வச்சிருக்கானுங்க" என்று சொல்லிவிட்டுப் பூட்ஸை அடுப்பு ஓரமாக எறிவான்.

ரிக் நல்லவன் இல்லை. சம்பள நாளில் குடித்தான். ஒரு தடவை காப்பிப் பாத்திரத்தை அவள் மேல் எறிந்திருக்கிறான். காதுக்குப் பக்கத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. அடுத்த நாள் பேசாமல் போய்க் கிணற்றடியில் அவள் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டான். தெரு முழுக்கப் பார்த்துச் சிரித்தது, அவன் கண்டுகொள்ளவில்லை. அந்த மனுஷன் இப்போது ஒரு செங்கல் சுவருக்குப் பின்னால் கிடந்தான். அவனைக் குளிப்பாட்டி, கரியைக் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுப் படுக்க வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கரியோடு புதைத்தார்கள் என்று யாரும் சொல்லக் கூடாது.

*

கோவிலில் தெற்குச் சுவர் ஓரமாக ஒரு மரச் சிலை இருந்தது. பெண் சிலை. கை இரண்டும் எப்போதோ ஒடிந்து போயிருந்தன. புனிதர்களைக் கையில் இருப்பதை வைத்துத்தான் அடையாளம் தெரியும். கோபுரம் வைத்திருந்தால் பார்பரா, சக்கரம் வைத்திருந்தால் கத்தரீனா. கையே இல்லாததால் இவளுக்குப் பெயரும் இல்லாமல் போயிற்று. அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிம்ப்னா உள்ளே நுழைந்தபோது அந்தச் சிலைக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அசுந்தா முழங்காலில் இருந்தாள்.

"இவதானே அக்கா?" என்று கிசுகிசுத்தாள்.

டிம்ப்னா பக்கத்தில் முழங்கால் போட்டாள். எரிகிற திரியில் இன்னொரு மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கை மட்டும் ஆமாம் என்று சொல்லிவிட்டது.

தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? த்ரினெட்டின் மளிகைக் கடையில் டிம்ப்னா சோப்பு கேட்டு நின்றபோது பேச்சு பாதியில் நின்றது. த்ரினெட் தராசைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"இத்தாலிக்காரி எங்கிட்ட வந்து என்ன கேட்டா தெரியுமா? நாள்காட்டியில எந்தத் தாள்ல சின்ட் யுட்டமிஸ் இருக்குன்னு கேக்குறா. நவம்பர் பூராத்தையும் பொரட்டிட்டா, பாவம்."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்த சொல்றது. சிரிப்ப அடக்கவே பெரும்பாடு. அது நாள் மாறி மாறி வரும், ஈஸ்டர் மாதிரின்னு சொல்லி அனுப்பிட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி சொன்னாள்: "நீதான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தியாமே. உன் பேர்ல இருக்குற புனிதர் பைத்தியங்களுக்குத்தானே டிம்ப்னா? அதான் உனக்குப் புத்தி இப்படி ஓடுது."

"ஆமா" என்றாள் டிம்ப்னா. "அதான் உன் வீட்டு வாசல்ல வந்து நிக்காம இருக்கேன். உள்ள ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

சோப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் புருஷன்மார் மேலே வந்துவிட்டார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். அன்று சாயங்காலம் அசுந்தா கேட்டபோது டிம்ப்னா, "பார்பரா நாள் கழிஞ்சு மறுநாள் வரும்" என்றாள். இனிமேல் அந்தச் சிறுபெண் த்ரினெட்டின் கடையில் போய்க் கேட்கக் கூடாது, அதற்காகச் சொன்னது. நவம்பர் கடக்கட்டும், அதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பொய் தானாகச் செத்துப்போகும் என்றுகூட நினைத்தாள்.

அது செத்துப்போகவில்லை. அசுந்தாவின் அண்ணன் ஊரிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். வந்து கூட்டிப் போகிறேன், புறப்படு என்று. அசுந்தா சொன்ன பதிலை டிம்ப்னா சுவர் வழியாகவே கேட்டாள். தொனாத்தோ வந்ததும் இரண்டு பேருமாக வருகிறோம் என்றாள். அவனுடைய கல்யாணக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள். மலைப்பக்கத்துக் கறுப்புக் கம்பளிக் கோட்டு. எல்லாரும் பார்க்க வாசலில் தொங்கியது.

அடுத்த நாள் டிம்ப்னா ரிக்கின் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது. மடித்து உள்ளே வைக்க மனம் வரவில்லை. அதை நாற்காலி முதுகில் தொங்கவிட்டாள். அது அங்கேயே இருந்தது.

*

பங்குச் சாமியார் வந்தது நவம்பர் கடைசியில். உட்காரச் சொன்னதும் நாற்காலியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். வேறு நாற்காலிக்குப் போனார்.

"டிம்ப்னா, அந்தப் பொண்ணு பூசை முடிஞ்சு வந்து எங்கிட்ட ஒரு புனிதர பத்திப் பேசுது."

"தெரியும் சாமி."

"இல்லாத ஆளுக்கு மெழுகுவர்த்தி ஏத்துறது விளையாட்டு இல்ல. கடவுள கேலி பண்ணுற மாதிரி."

"இருக்கிற ஆளுங்க பேரையெல்லாம் நாங்க சொல்லிப் பாத்துட்டோம் சாமி. தீ பிடிச்ச அன்னைக்கு இங்க இருந்து கோவில் வரைக்கும் ஒரு பேரு விடல. யாரும் கீழ எறங்கல."

சாமியார் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடவில்லை. பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். டிசம்பர் நாலு, சின்ட் பார்பரா அன்று பதினொரு பேருக்கும் பெரிய பூசை. கல்லறைத் தோட்டத்தில் ஒரே கல்லில் எல்லார் பெயரும். அன்றைக்கே சாயங்காலம் கம்பெனி அந்த மட்டத்துப் பம்பை நிறுத்துகிறது.

"பம்ப நிறுத்துனா?"

"தண்ணி ஏறிடும். தீ சுத்தமா அணையும்கிறாங்க. வேற வழி இல்லையாம்."

"சுவரு?"

"சுவரும் தண்ணிக்குள்ளதான்."

டிம்ப்னா ஜன்னல் வழியாகக் கரிக்கழிவு மேட்டைப் பார்த்தாள். மேலே தொட்டிவண்டி ஒன்று ஊர்ந்து போய்க் கவிழ்ந்துவிட்டுத் திரும்பி வந்தது. அது ஒரு நாளும் நிற்கவில்லை. தீப்பிடித்த அன்றும் நிற்கவில்லை.

"பூசைக்கு முன்னாடி அவகிட்ட நீ சொல்லணும்" என்றார் சாமியார். "நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. உங்க ஊரு புனிதர உங்களுக்கே தெரியல, டிம்ப்னா அக்காவுக்குத் தெரியும்கிறா."

*

பார்பரா நாள் பூசையில் கோவில் நிரம்பி வழிந்தது. என்ஜினியர் முன்வரிசையில் இருந்தார். பூசை முடிந்ததும் எழுந்து நின்று பேசினார். பதினொரு பேரும் உழைப்பின் புனிதர்கள் என்றார். 'சேன்' என்று அவர் மூக்கால் சொன்னதை செர்வாஸ் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு வாய் வரவில்லை. 'சின்ட்' என்ற சொல் எங்கள் பேச்சில் தனியாக நிற்காது. அதற்குப் பின்னால் ஒரு பெயர் வேண்டும். கடைசியில் "நல்ல மனுஷங்கன்னு சொல்றாரு" என்று முடித்தான்.

சின்ட் ரிக். டிம்ப்னா மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை. சின்ட் தொனாத்தோ என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறார், அது வேறு ஆள். செத்தவனுக்குப் பட்டம் கட்டி அனுப்பிவிட்டால் அவனைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சிலைக்குக் கல்லறை தேவைப்படாது.

பக்கத்தில் அசுந்தா முகமெல்லாம் வெளிச்சமாக உட்கார்ந்திருந்தாள். "பார்பரா முடிஞ்சுது அக்கா" என்றாள். "நாளைக்குத்தானே?"

டிம்ப்னா சொல்லத்தான் போனாள். அந்த நேரம் பாண்டு வாத்தியம் வெளியே ஆரம்பித்தது. ஆட்கள் பார்பரா சிலையைத் தோளில் தூக்கினார்கள். ஜெனெவர் சாராய பாட்டில்கள் கைமாறின. அசுந்தா கூட்டத்தில் முன்னால் போய்விட்டாள். சாயங்காலம் அவள் வீட்டுக் கதவைத் தட்டப் போன டிம்ப்னா உள்ளே இஸ்திரிப் பெட்டியின் சத்தம் கேட்டுத் திரும்பி வந்துவிட்டாள். கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டியதால் ஒன்றும் மாறவில்லை.

விடிந்ததும் பக்கத்து வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டிம்ப்னா மரக்கட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பாதை முழுக்க உறைபனி. சுரங்க வாசலில் அசுந்தா நின்றிருந்தாள். தலையில் கறுப்புத் துணி. கைமேல் மடித்துப் போட்ட கல்யாணக் கோட்டு. இன்னொரு கையில் ஒரு வாளி, அதில் துண்டும் சோப்பும். டிம்ப்னாவுக்குப் புரிந்தது. தான் நினைத்ததையேதான் இவளும் நினைத்திருக்கிறாள். கழுவ வேண்டும்.

காலை ஷிப்டு ஆட்கள் நேற்றைய குடி தெளியாமல் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் நின்றான்.

"என்ன அம்மிணி, இந்தக் குளிர்ல?"

"சின்ட் யுட்டமிஸ்" என்றாள் அசுந்தா. "இன்னைக்கி."

அவன் சிரித்தான். பழக்கத்தில் வந்த சிரிப்பு. பக்கத்தில் இருந்தவனும் சிரித்தான். வாளியையும் கோட்டையும் பார்த்ததும் சிரிப்பு அவர்கள் முகத்திலேயே விறைத்துப் போனது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். அசுந்தா திரும்பினாள். டிம்ப்னா அவளுக்கு எதிரே மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

"எதுக்கு அக்கா சிரிக்கிறாங்க?"

"அப்படி ஒரு நாள் இல்லடி" என்றாள் டிம்ப்னா. "அப்படி ஒரு ஆளும் இல்ல."

"யாரு இல்ல?"

"யுட்டமிஸ். பொம்பளயும் இல்ல, ஆம்பளயும் இல்ல. சும்மா ஒரு பேச்சு. வரவே வராதுங்கிறத அப்படிச் சொல்லுவோம். அவங்க தொறக்க மாட்டாங்க அசுந்தா. நேத்தே பம்ப நிறுத்திட்டாங்க. இந்நேரம் தண்ணி ஏறிட்டு இருக்கும்."

அசுந்தா அவளையே பார்த்தாள். புரியாத சொல்லைக் கேட்கும்போது அவள் உதடுகள் லேசாக அசையும், அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது போல. இப்போதும் அசைந்தன.

"இல்லாதவளுக்கு எதுக்கு சின்ட் போடுறீங்க?"

"இல்லன்னு நேரா சொல்ல வாய் வராம."

"எல்லாருக்கும் தெரியுமா? கடைக்காரிக்கு?"

"தெரியும்."

"சின்னப் புள்ளைங்களுக்கு?"

"தெரியும்."

"நீயும் மெழுகுவர்த்தி ஏத்துனியே அக்கா. எங்கூட முட்டி போட்டியே."

"ஏத்துனேன்."

"யாருக்கு ஏத்துன?"

டிம்ப்னா வாளியில் கிடந்த சோப்பைப் பார்த்தாள். அசுந்தா வாளியைக் கீழே வைத்தாள். மெதுவாக, சிந்திவிடாமல் வைப்பது போல வைத்தாள். அதில் தண்ணீரே இல்லை. கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள். டிம்ப்னா பின்னால் போகவில்லை. வாசல்காரன் வந்து கேட்டை மூட வேண்டும், தள்ளி நில்லு என்றான். தள்ளி நின்றாள்.

*

அதற்குப் பிறகு அசுந்தா அவளிடம் பேசவில்லை. சண்டை போடவில்லை, திட்டவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் தெரியாத ஊர்க்காரியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனாள். எங்கள் பேச்சையே விட்டுவிட்டாள் என்று த்ரினெட் சொன்னாள். கடைக்கு வந்தால் விரலால் காட்டி வாங்குகிறாளாம். கெர்ஸ்ட்மிஸ் முடிந்ததும் அண்ணன் வந்தான். கோட்டை அவள் கையிலேயே எடுத்துக்கொண்டு போனாள், பெட்டியில் வைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புது ஆள் குடிவந்தான். இத்தாலியின் சார்தீனியாத் தீவுக்காரன். அவனும் பாடுவான். சுவரைக் குத்துவதற்கு ஆள் இல்லை.

டிம்ப்னா கோவிலுக்குப் போவது நின்றுவிட்டது. ஒரே ஒரு தடவை போனாள். கை இல்லாத சிலைக்கு முன்னால் பழைய மெழுகு உருகி வழிந்து காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தாள். அதற்கு மேல் அங்கே செய்ய ஒன்றும் இல்லை.

ஜனவரி நடுவில் செர்வாஸ் வந்தான். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றான். தொப்பி கையில் சுருண்டிருந்தது. அவன் ரிக்கோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன். கல்யாணத்துக்கு ரிக் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனி வீட்டில் கம்பெனி ஆள்தான் இருக்க முடியும். அவள் தம்பியின் பண்ணையிலும் இடம் கிடையாது, அதை அவன் பெண்டாட்டி முகத்துக்கு நேராகவே சொல்லியாயிற்று.

"வீட்டு விஷயம் டிம்ப்னா" என்றான் செர்வாஸ். "நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"சரி."

"எப்ப காலி பண்ணுவேன்னு கேக்குறாங்க."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே நாற்காலி முதுகில் வெள்ளைச் சட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தோள்பட்டையில் கரித்தூசி படிந்திருந்தது. அந்த ஊரில் எந்தத் துணியும் அவ்வளவு நாள் வெள்ளையாக இருக்காது.

"சின்ட் யுட்டமிஸ் அன்னிக்கு" என்றாள்.

செர்வாஸ் சிரிக்கவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"லிக்த்மிஸ்னு சொல்லிட்டாங்க" என்றான்.

அவன் போன பிறகு அவள் கதவைச் சாத்தினாள். லிக்த்மிஸ் நாள்காட்டியில் இருந்தது. பிப்ரவரி இரண்டு. அது வந்துவிடும்.